காணியைக் காக்கும் எழுத்து



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் மேடைக்கு உகந்ததன்று என்று சிலர் நினைக்கக்கூடும். உறுதி, மரணசாதனம், தருமசாதனம் என்பன நொத்தாரிசின் மேசையில் பேசப்பட வேண்டியவை. அவற்றுக்கு ஒரு கூட்டம் ஏன் என்று கேட்கக்கூடும். எமது விடை இதுதான்: நாம் காணி உரிமையைப் பற்றி முழங்காத மேடை இல்லை. ஆயினும் பகைவன் பறித்த காணி ஒருபுறமிருக்க, நமது கவலையீனத்தால் நாமே தொலைத்த காணி எவ்வளவு என்று ஒருநாளும் கணக்குப் பார்த்தோமில்லை. வேலியை மாற்றான் வெட்டினால் ஊரே திரள்கிறது. உறுதியில் ஒரு வரி எழுதாமல் விட்டதனால் வீடே கைமாறும்போது ஒருவரும் அறிவதில்லை.

நம் மக்களுக்கு ஆதனம் என்பது வங்கிப் புத்தகமன்று. பத்துப் பரப்புத் தோட்டக் காணி, கிணற்றில் ஒரு பங்கு, வாய்க்கால் வழி, நாற்சார் வீடு, ஒரு வயற்றுண்டு: இவைதாம் நமது செல்வம். உத்தியோகத்தர் ஒருவர் முப்பது ஆண்டு உழைத்துச் சேர்த்ததும், கமக்காரர் ஒருவர் புகையிலையிலும் வெங்காயத்திலும் வேர்வை சிந்திச் சேர்த்ததும் கடைசியில் காணியாகவே வந்து நிற்கின்றன. அக்காணியைச் சட்டத்தின் துணைகொண்டு காப்பது எப்படி? இதுவே கேள்வி.

முதலில் மூன்று குடும்பங்களின் கதையைக் கேளுங்கள். பெயர் சொல்லமாட்டோம், ஊரும் சொல்லமாட்டோம். நாம் ஆவணங்களைப் பார்த்துவந்த காலத்தில் எம் கண்முன் வந்தவை இவை.

முதலாவது, ஒரு கமக்காரர். மூன்று பெண்மக்கள், ஒரு மகன். பெண்களுக்குச் சீதன உறுதி எழுதினார். மிச்சமிருந்த வீட்டையும் வளவையும் மகனுக்கு நன்கொடையாக எழுதினார். “பெற்ற பிள்ளையிடம் நிபந்தனை வைப்பதா?” என்று சொல்லிச் சீவிய உருத்தை எழுத மறுத்தார். மகன் வீட்டை ஈடு வைத்தான்; ஈடு மூழ்கியது. தான் கட்டிய வீட்டை விட்டு அம்முதியவர் மனைவியுடன் இறங்கியபோது, சட்டம் அவருக்கு ஓர் அறையைத்தானும் ஒதுக்கவில்லை.

இரண்டாவது, படித்த உத்தியோகத்தர் ஒருவர். நண்பரின் வியாபாரக் கடனுக்குப் பிணை நின்றார். வியாபாரம் விழுந்தது. அழைப்பாணை வீட்டு வாசலுக்கு வந்த பிறகு, அவசர அவசரமாக வீட்டை மைத்துனர் பெயருக்கு மாற்றினார். நீதிமன்றம் அந்த உறுதியைத் தள்ளிற்று. வீடும் போயிற்று, வாழ்நாள் முழுதும் காத்த நற்பெயரும் போயிற்று.

மூன்றாவது, கடல் கடந்து சென்ற ஒரு தம்பி. 1980களின் நடுப்பகுதியில் புறப்படும்போது, காணியை உறவினர் ஒருவரின் பெயருக்கு அறுதியாக எழுதிக் கொடுத்தார். காசு கைமாறவில்லை. “நீ வரும்போது திருப்பி எழுதித் தருவேன்” என்பது வாக்கு. உறவினர் நேர்மையானவரே. ஆயினும் 1995 ஒக்டோபரில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது அவரும் வன்னிக்குச் சென்றார், அங்கேயே காலமானார். அவர் பிள்ளைகள் அந்த வாக்கை அறியார். உறுதி தந்தையின் பெயரில் இருக்கிறது. அவர்களை எப்படிப் பொய்யர் என்பது?

இம்மூவரும் தீயவர்களால் அழிந்தவரல்லர். எழுத வேண்டியதை எழுத வேண்டிய காலத்தில் எழுதாமையால் அழிந்தவர்கள்.

தருமசாதனம் என்னும் சொல்லைக் கேட்டதும் நமக்குக் கோயிலும் மடமும் நினைவுக்கு வருகின்றன. தெருவோரக் கேணியும் ஆவுரோஞ்சிக் கல்லும் வைத்தவர்கள் நம் முன்னோர். மடத்தின் காணி முகாமையாளரின் சொந்தச் சொத்தன்று. அவர் கையில் இருப்பினும் அதன் பயன் அடியாருக்கே உரியது என்பதைப் படியாத கிழவியும் அறிவாள். ஆங்கிலச் சட்டம் கூறும் நம்பிக்கைப் பொறுப்பு என்பதும் இதுவே. உரித்து ஒருவர் கையில், பயன் இன்னொருவருக்கு. உரித்தை வைத்திருப்பவர் நம்பிக்கையாளர். பயனை அடைபவர் பயன்பெறுநர். கோயிலுக்கு நாம் செய்துவந்த ஒழுங்கையே குடும்பத்துக்கும் செய்யலாம் என்பதைத்தான் நம்மவரிற் பலர் அறியார்.

இலங்கையில் இதனை ஆளுவது 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம். அசைவற்ற ஆதனத்தின்மீது ஒருவர் தம் வாழ்நாளில் நம்பிக்கைப் பொறுப்பை ஏற்படுத்துவதாயின், அது எழுத்தில், நொத்தாரிசு முன்னிலையில் நிறைவேற்றப்படல் வேண்டும். அல்லது மரணசாதனத்தால் ஏற்படுத்தப்படல் வேண்டும். அவ்வெழுத்தில் நான்கு விடயங்கள் ஐயமின்றி விளங்க வேண்டும். நம்பிக்கைப் பொறுப்பை ஏற்படுத்தும் எண்ணம் ஒன்று. அதன் நோக்கம் இரண்டு. பயன்பெறுநர் யார் என்பது மூன்று. ஆதனம் எது என்பது நான்கு. இந்த நான்கில் ஒன்று குழம்பினும் முழுக் கட்டடமும் ஆட்டம் காணும்.

நம்பிக்கையாளர் எசமானர் அல்லர். பொறுப்பான குடும்பத் தலைவன் தன் பொருளைக் காப்பதுபோல அவர் அவ்வாதனத்தைக் காக்க வேண்டும். கணக்கு வைத்திருக்க வேண்டும். கேட்டால் காட்ட வேண்டும். அதிலிருந்து தமக்கென இலாபம் எடுக்கலாகாது. கடமை தவறினால் அவரை நீக்கி வேறொருவரை நியமிக்க மாவட்ட நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. நம்பிக்கையாளர் பட்ட சொந்தக் கடனுக்கு அவ்வாதனம் பொறுப்பாகாது. எழுத்தில் ஏற்படுத்தப்பட்ட நம்பிக்கைப் பொறுப்பின்கீழ் ஆதனத்தைத் தம்மிடம் வைத்திருக்கும் நம்பிக்கையாளர், “காலம் கடந்துவிட்டது, இனி இது என்னுடையது” என்று பயன்பெறுநரிடம் கூறித் தப்ப முடியாது. மூன்றாவது கதையில் வந்த தம்பி இப்படி ஓர் ஆவணத்தை எழுதியிருந்தால், உறவினர் இறந்தபோது காணி அவர் பிள்ளைகளின் முதிசமாகியிராது.

“அப்படியானால் வாயால் சொன்ன வாக்குக்குச் சட்டத்தில் மதிப்பே இல்லையா?” என்று கேட்பீர்கள். சூழ்நிலைகளை நோக்கி நம்பிக்கைப் பொறுப்பை ஊகிப்பதற்கு 1917ஆம் ஆண்டுச் சட்டம் இடம்வைத்தே இயற்றப்பட்டது. ஆயினும் அந்த வழி நீண்ட வழக்கு வழி. சாட்சிகள் இறப்பர், கடிதங்கள் கறையானுக்கு இரையாகும், எதிரே நிற்பதோ நொத்தாரிசு அத்தாட்சிப்படுத்திய அறுதி உறுதி. ஒருநாள் செலவில் எழுதக்கூடிய பத்திரத்தை எழுதாமல், பதினைந்து ஆண்டு வழக்காடி நிரூபிக்கலாம் என்று இருப்பது புத்தியன்று.

நம்பிக்கைப் பொறுப்பு ஒன்றுதான் வழி என்று நாம் கூறவில்லை. பெரும்பாலான குடும்பங்களுக்கு அதனிலும் எளிய வழிகள் போதும்.

நன்கொடை உறுதியில் சீவிய உருத்தை ஒதுக்கி எழுதுவது அவற்றுள் முதலாவது. தாயும் தந்தையும் உயிரோடுள்ளவரை வீட்டில் இருக்கவும், அதன் பயனை எடுக்கவும் உரிமை வைத்து, அவர்களுக்குப் பின் பிள்ளைக்குச் சேருமாறு எழுதலாம். நன்கொடையைப் பெறுபவர் அதை ஏற்றுக்கொண்டதாக உறுதியில் எழுதுவதை மறக்கலாகாது. ஏற்கப்படாத நன்கொடை நிறைவு பெறாது. ஏற்கப்பட்ட பின்னர் அதனை நினைத்தபடி மீட்கவும் இயலாது. பெருநன்றிகேடு காரணமாக மீட்பதாயினும், 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி நீதிமன்றத்தை நாட வேண்டும். ஆகவே கொடுத்தபின் வருந்துவதைவிடக் கொடுக்குமுன் இரு வரி கூட எழுதுவது மேல்.

மரணசாதனம் இரண்டாவது வழி. நம்மவரில் பலர் இதை எழுத அஞ்சுகின்றனர்; எழுதினால் எமன் வருவான் என்பதுபோலப் பேசுகின்றனர். எமன் எழுத்தைப் பார்த்து வருபவனல்லன். மரணசாதனத்தை உயிரோடுள்ளவரை மாற்றலாம். அங்கவீனமான பிள்ளை, கணவனை இழந்த மகள், பராயமடையாத பேரன் ஆகியோர் பங்கை நம்பிக்கையாளரிடம் ஒப்படைக்குமாறு அதிலேயே எழுதலாம். தன் அலுவலைத் தானே பார்க்க இயலாத பிள்ளையை வைத்திருக்கும் பெற்றோர் இதனை ஒருநாளும் பிற்போடலாகாது.

இனித் தேசவழமையைப் பற்றிச் சில சொற்கள். 1707இல் ஒல்லாந்தர் ஆட்சியில் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த இவ்வழமைக்கு, 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தால் ஆங்கிலேயர் சட்ட வலு அளித்தனர். 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டமும், அதனைத் திருத்திய 1947ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டமும் இதனோடு சேரும். வடமாகாணத் தமிழர் இதற்குட்பட்டவர். மட்டக்களப்புத் தமிழருக்குப் பொதுச் சட்டமே பொருந்தும். ஆதலால் யாழ்ப்பாணத்தில் ஒருவருக்கு எழுதிய பத்திரத்தைப் பார்த்து மட்டக்களப்பில் மற்றொருவர் எழுதுவது பிழை.

தேசவழமைக்குட்பட்டவர் ஆதனத்தைக் கைமாற்றுமுன் அது முதிசமா, சீதனமா, தேடிய தேட்டமா என்று பார்த்தல் வேண்டும். தேடிய தேட்டத்தில் கணவனுக்கும் மனைவிக்கும் உரிமை உண்டு. விலைபெறாமல் கையளிப்பதாயின் ஒருவர் தம் பங்குக்கு மேல் கொடுக்க இயலாது. மணமான பெண் தன் அசைவற்ற ஆதனத்தை எழுதுவதாயின் கணவனின் எழுத்துமூலச் சம்மதத்தை அச்சட்டம் கேட்கிறது. அவன் நியாயமின்றி மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்தை நாடலாம். தன் சீதனக் காணியைக் காக்க ஒரு பெண் கணவனின் கையெழுத்துக்குக் காத்திருக்கும் நிலை நீதியானதா என்பது நாம் நேர்மையுடன் சிந்திக்க வேண்டிய கேள்வி. வழமையைப் போற்றுகிறோம் என்று கூறி அதன் குறையை மறைத்தல் போற்றுதலாகாது. பிரிபடாத பங்கை வெளியாருக்கு விற்குமுன் கூட்டுப் பங்காளருக்கு அறிவித்தல் வேண்டும் என்னும் விதியும் 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டத்தில் உண்டு.

“என் காணியை என் சந்ததி ஒருபோதும் விற்கலாகாது” என்று எழுதித் தருமாறு கேட்கும் பெரியவர்கள் இன்றும் இருக்கின்றனர். உரோம-ஒல்லாந்தச் சட்டத்தின்கீழ் அவ்வாறு தலைமுறைகளைக் கட்டும் முறை ஒன்று முன்னர் இருந்தது. 1876ஆம் ஆண்டின் சட்டம் அதற்கு எல்லை வகுத்தது. 1972ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதனை ஒழித்தது. தனிக் குடும்பத்துக்கான நம்பிக்கைப் பொறுப்புக்கும் காலவரையறை உண்டு. என்றும் நிலைக்குமாறு எழுத விரும்புபவர் தருமத்துக்கு எழுதட்டும். பேரன் பேத்தியரின் அறிவையும் சற்று நம்புவோமாக.

வன்னிக் கமக்காரருக்கு ஒரு தனி எச்சரிக்கை. உங்களிற் பலர் 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரமோ அளிப்போ பெற்றவர்கள். அது தனியார் உறுதிக் காணி போன்றதன்று. உரிய அதிகாரியின் எழுத்துமூலச் சம்மதத்தை முன்கூட்டிப் பெறாமல் அதனைக் கைமாற்றினால் கைமாற்றம் செல்லாது. அக்காணிக்கு நீங்கள் செய்ய வேண்டிய காப்பு, பின்னுரித்தாளரை முறைப்படி நியமித்துப் பதிவு செய்வதே. குளத்து நீர் வயலுக்கு வருகிறதா என்று நாள்தோறும் பார்க்கிறீர்கள். பின்னுரித்தாளர் பெயர் பதிவில் இருக்கிறதா என்று ஒருமுறையேனும் பார்த்தீர்களா?

கடல் கடந்த உறவினருக்கும் சொல்ல வேண்டியன உண்டு. அற்றோர்ணித் தத்துவம் நம்பிக்கைப் பொறுப்பாகாது. கொடுத்தவர் இறந்தால் அதுவும் அவருடன் முடிந்துவிடும். கைமாற்ற அதிகாரமும் அடங்கிய தத்துவத்தை எண்ணாமற் கொடுப்பது பெட்டகச் சாவியைத் தெருவில் எறிவதற்கு ஒப்பாகும். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதைத் தடுத்தது. இரட்டைக் குடியுரிமையாளருக்கும், முதிசமாகவோ மரணசாதனத்தாலோ நெருங்கிய உறவினருக்குச் சேரும் காணிக்கும் அது விலக்கு வைத்தது. ஆதலின் வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற பிள்ளைக்குக் காணி எழுத எண்ணுபவர் இதனை முதலில் ஆராய்தல் வேண்டும்.

மற்றொன்று. பத்து ஆண்டுகள் இடையறாது, உரிமையாளருக்கு எதிராக ஒருவர் காணியை ஆண்டால், 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அவருக்கு உரிமை அளிக்கிறது. உங்கள் அனுமதியுடன் இருப்பவரின் ஆட்சி எதிராட்சியாகாது. ஆயினும் அந்த அனுமதியை நாளை நிரூபிப்பது யார்? போரினால் நீதிமன்றத்தை அணுக இயலாதிருந்தோருக்காக, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடுக்காதிருக்க 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. அது தனக்கென நிபந்தனைகள் உடையது. 2009 மே மாதத்துக்குப் பின் ஓடிய ஆண்டுகளுக்கு அதில் அடைக்கலம் இல்லை. ஆளில்லா வீட்டுக்குப் பராமரிப்பாளரை வைப்பவர், “அனுமதியின் பேரில் இருக்கிறேன்” என்று அவர் கையெழுத்திட்ட பத்திரத்தைப் பெற்று வைப்பாராக.

வெளிநாட்டு விளம்பரங்களைப் பார்த்து மயங்குவோரும் உளர். பசிபிக் கடலிலுள்ள குக் தீவுகள் 1984இல் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றின. செல்வர்கள் தம் பொருளை அங்கே ஒப்படைக்கின்றனர். ஆனால் கோண்டாவில் தோட்டக் காணியைக் கப்பலில் ஏற்ற முடியாது. காணி எந்த நாட்டில் உள்ளதோ அந்த நாட்டுச் சட்டமே அதனை ஆளும்.

தொழில் செய்வோர் தம் தொழிலை 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிச் சட்டத்தின்கீழ் வரையறுத்த கம்பனியாக நடத்தலாம். கம்பனியின் கடன் கம்பனிக்கே. உங்கள் வீட்டுக்கு அன்று. ஆயினும் வங்கி நீட்டும் தனிப்பட்ட பிணைப் பத்திரத்தில் கையெழுத்திட்டால் அந்த மதிலில் நீங்களே வாயில் திறந்தவராவீர்கள். ஈடு வைத்த ஆதனத்தை, நீதிமன்றம் செல்லாமலே விற்கும் அதிகாரத்தை 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் வங்கிகளுக்கு வழங்கியதையும் மறவாதீர்கள். குடியிருக்கும் வீட்டைத் தொழிற்கடனுக்கு ஈடு வையாதிருத்தல் எந்தத் தருமசாதனத்திலும் சிறந்த காப்பு.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறோம். காப்பது வேறு, ஒளிப்பது வேறு. கடன் இல்லாத காலத்தில், மனைவி மக்களின் நலனுக்காக, நாடறியப் பதிவு செய்து எழுதுவது காப்பு. கடன்காரர் கதவைத் தட்டியபின் அவரை ஏய்ப்பதற்காக எழுதுவது ஒளிப்பு. கடனீந்தோரை ஏய்க்கும் நோக்குடன் செய்த கைமாற்றத்தை உரோம-ஒல்லாந்தச் சட்டம் நெடுங்காலமாகவே நீக்கி வந்திருக்கிறது. இலவசமாகப் பெற்றவர் அந்நோக்கத்தை அறியாதவராயினும் அவரிடமும் அது நிலையாது போகலாம். தாமே நம்பிக்கையாளராகவும் தாமே பயன்பெறுநராகவும் இருந்து எல்லா அதிகாரத்தையும் தம் கையிலேயே வைத்துக்கொள்ளும் பத்திரம் வெறும் வேடம். நம்பிக்கைப் பொறுப்பு வரியிலிருந்து தப்பும் வழியுமன்று. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உண்ணாட்டு இறைவரிச் சட்டம் அதற்கும் வரி விதித்தது.

கடைக்குக் கடன் கொடுத்த வியாபாரியும், கூலிக்கு வேலை செய்த தொழிலாளியும் நம்மவர்களே. அவர்கள் பணத்தை விழுங்குவதற்குச் சட்டத்தைக் கேடயமாக்கும் ஒருவருக்கு நாம் ஒரு வரியும் எழுதிக் கொடுக்கமாட்டோம். பிறர் உரிமையைப் பறித்துக்கொண்டு நம் உரிமையைப் பற்றிப் பேச நமக்கு வாயில்லை.

கடைசியாக, இன்று வீட்டுக்குச் சென்றதும் செய்ய வேண்டியன சில. பெட்டகத்தைத் திறந்து உறுதிகளை எடுங்கள். யார் பெயரில் உள்ளது, கடைசியாகப் பதிந்தது எப்போது என்று பாருங்கள். காணிப் பதிவகத்தில் ஏட்டைப் பார்ப்பியுங்கள். 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டப்படி, பதியாத உறுதியைப் பின்னர் விலைகொடுத்து வாங்கி முறையாகப் பதிந்தவரின் உறுதி வெல்லக்கூடும். ஆகவே எழுதியது போதாது, பதிதலும் வேண்டும். கிணற்றுப் பங்கும், நீர் பாயும் முறையும், வழி வாய்க்காலும் அட்டவணையில் எழுதப்பட்டனவா என்று பாருங்கள். நம்பிக்கையாளராக ஒருவரை மட்டும் வையாமல் இருவரை வையுங்கள். அவர்களுக்குப் பின் யார் என்பதையும் எழுதுங்கள். பிள்ளைகளை இருத்தி, எழுதியது என்னவென்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அதன்பின் நம்பிக்கையான சட்டத்தரணி ஒருவரிடம் செல்லுங்கள். நாம் இங்கே கூறியது வழிகாட்டுவதற்கே, உங்கள் உறுதியைப் பார்த்துக் கூறியதன்று.

உறவினரிடம் எழுத்துக் கேட்பது அவநம்பிக்கை என்று நினைக்கிறோம். இறந்துபோன அந்த நல்ல மனிதரின் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். இன்று அந்தத் தம்பியும் அவர்களும் நீதிமன்றப் படிகளில் முகம் திருப்பிக்கொண்டு நிற்கின்றனர். ஒரு தாள் எழுதியிருந்தால் காணியும் நின்றிருக்கும், உறவும் நின்றிருக்கும். வழக்குக்குச் செலவிட்ட பணம் காணியின் விலையை எட்டிக்கொண்டிருக்கிறது.

போர் தின்றது போக நம்மிடம் எஞ்சிய நிலம் கொஞ்சம். அதனை வழக்கு தின்ன விடாதிருப்போமாக.